கிராம்பு வைத்த பல்

முஸ்ரியாவின் கடைவாயில் காலை ஆறு மணிக்கு ஒரு கிராம்பு ஏறும். மதியம் ஒரு மணிக்குச் சக்கையாய் இறங்கும். மேல்வரிசையில் வலது பக்கத்து இரண்டு பற்கள் குழிவிழுந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. குடுஸ் ஊரில் கிராம்புச் சிகரெட் சுற்றும் ஆலையில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கிராம்புக்கா பஞ்சம்? கண்ணெதிரே புகையிலையோடு கலந்து குவியல் குவியலாய்க் கிடக்கும். ஒரு துணுக்கை எடுத்துக் குழியில் திணித்தால் ஈறு மரத்துப்போகும். வலிக்காத பல்லைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? அந்தக் கூடத்தில் நானூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேரின் வாயைத் திறந்து பார்த்தால் இதே வைத்தியம்தான் இருக்கும்.

வலிதான் இல்லையே தவிர, சோர்வு இருந்தது. அதுவும் சாதாரணச் சோர்வு இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண்ணே மூடாதவளைப் போல இருப்பாள். தொழுகையில் குனிந்தால் நிமிர மனம் வராது. உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்று மருமகள் லைலி எண்ணெய் தடவி, காசு விளிம்பால் முதுகில் வரிவரியாகச் சுரண்டுவாள். முதுகு சிவந்து காந்தும். காற்று போனதோ இல்லையோ, சோர்வு போகவில்லை. வயது ஐம்பத்தெட்டு, வேறு எப்படி இருக்கும் என்று முஸ்ரியாவும் விட்டுவிட்டாள். அந்த ஊரில் அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். எல்லோருக்கும் இருப்பதை நோய் என்று யாரும் சொல்வதில்லை.

அப்போதுதான் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தது. பதின்மூன்று வருடம் முன்பு அவளும் கணவர் மஸ்குரியும் பதிந்து வைத்தது. அன்று வரிசையில் இவர்களுக்கு முன்னால் நின்ற நான்கு பேர் இன்று மண்ணுக்குள் இருக்கிறார்கள். பெயர் வந்த அன்று மஸ்குரி வாசலில் உட்கார்ந்து அழுதார். முஸ்ரியாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

போவதற்கு முன் உடல் பரிசோதனை உண்டு. மஸ்குரிக்கு அறுபத்தாறு வயது. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருந்தது, ஆனால் தேறிவிட்டார். முஸ்ரியாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி நான்கு. எட்டுக்குக் கீழே வந்தால்தான் விமானம் என்று சுகாதார நிலையத்துத் தாதி சொன்னாள். மூன்று மாதம் தவணை.

முஸ்ரியா பிடிவாதக்காரி. அன்றைக்கே சோற்றைப் பாதியாக்கினாள். தேநீரில் சர்க்கரையை விட்டாள். குடுஸில் சர்க்கரை இல்லாத தேநீரைக் குடிப்பவரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள், கொடுப்பவரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். விருந்தாளிக்கு அப்படி ஒரு தேநீரை நீட்டினால் எழுந்து போ என்று சொன்னதற்குச் சமம். ஆலையில் அவள் வெறும் தேநீர் குடிப்பதைப் பார்த்துப் பக்கத்து இருக்கை யாத்தி, "என்ன மதினி, மாமியார் செத்த வீடா உங்க வீடு?" என்று கேட்டாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் ஊர் மைதானத்தை மூன்று சுற்று நடந்தாள். மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கினாள். ஆறு வாரம் இப்படி உயிரை விட்டபின் ஊசி குத்திப் பார்த்தால், எட்டு புள்ளி எட்டு.

அன்று முதல் வீட்டில் எல்லோருடைய பார்வையும் மாறிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. லைலி இனிப்புப் பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினாள். மஸ்குரி ஒரு படி மேலே போனார். சமையலறையில் இருந்த கண்ணாடிச் சர்க்கரை ஜாடிக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினார். சர்க்கரை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தில் மாட்டுவது. விருந்தாளிகளுக்குத் தேநீர் போட்டபின் இறக்கி வைப்பது. பெண்டாட்டிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். நாற்பது வருடம் அந்தச் சமையலறையில் நின்றவளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் தெரியாதா? முதல் நாள் அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. திருடாமலே சொந்த வீட்டில் திருடிப் பட்டம் வாங்கியவளுக்கு வேறென்ன வரும். அந்த ஜாடியை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த ஹெஸ்தி என்ற பெண் டாக்டர் இருந்தாள். முஸ்ரியா பேசும்போதெல்லாம் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். ஒன்பது வருடப் பழக்கம் அது. எதிராளிக்கு நாற்றம் அடிக்கக் கூடாதே என்ற மரியாதை.

"இபு, ரகசியமா எதாவது சாப்பிடுறீங்களான்னு நான் கேக்கப் போறதில்ல," என்றாள் டாக்டர். பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும் மரியாதையாக அழைப்பது அந்த ஊர் வழக்கம். "எல்லாரும் கேட்டிருப்பாங்க."

"கேக்கல டாக்டரம்மா. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பதிலாவது சொல்லியிருப்பேன்."

"துணியை எடுங்க. வாயைத் திறங்க."

டாக்டர் டார்ச்சை அடித்து நெடுநேரம் பார்த்தாள். மரக்குச்சியால் ஈற்றை லேசாகத் தொட்டாள். ரத்தம் வந்தது, கூடவே சீழும் வந்தது. முஸ்ரியாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அன்றைய கிராம்பு அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

"எத்தனை வருஷமா?"

"ஒம்போது. ஆனா வலியே இல்லீங்க."

"வலிய அடக்கிட்டீங்க. தீயை அணைக்கல." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "உமி மூட்டம் பார்த்திருப்பீங்கல்ல? மேல சாம்பல்தான் தெரியும். கைய விட்டாத்தான் சுடும். உங்க ஈறு அப்படி உள்ளுக்குள்ள கனன்னுக்கிட்டு இருக்கு. உடம்பு ராவும் பகலும் அதோட சண்டை போடுது. சின்னச் சண்டைதான், காய்ச்சல்கூட வராது. ஆனா நிக்கவே நிக்காது."

"அதுக்கும் சர்க்கரைக்கும் என்னங்க?"

"ஊர்ல கலவரம் நடந்தா தபால்காரன் வீடு வீடாப் போக முடியுமா? சர்க்கரைய உள்ள எடுத்துக்கோன்னு இன்சுலின் ஒவ்வொரு கதவா தட்டுது. உள்ள இருக்கறவங்க காதுல விழல. அப்ப சர்க்கரை ரத்தத்துலயே சுத்துது. சர்க்கரை கூடினா ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டா சர்க்கரை இன்னும் ஏறும்." டாக்டர் சற்று நிறுத்தினாள். "பல் மட்டுமே காரணம்னு நான் சொல்லல. வயித்துக் கொழுப்பும் இதே வேலையத்தான் செய்யுது. முப்பது வருஷமா ஒரே இடத்துல உக்காந்ததும் சேரும். ஆனா நீங்க சோத்தையும் விட்டீங்க, நடக்கவும் செய்றீங்க. மிச்சம் இருக்கறது இந்தத் தீதான். நீங்க சொன்ன சோர்வுலயும் இதுக்குப் பங்கு இருக்கும்."

சோர்வு என்ற வார்த்தையைக் கேட்டதும் முஸ்ரியாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் அதை வயது என்று சொல்லாத முதல் ஆள் இந்தப் பெண்தான்.

"ரெண்டு பல்லையும் எடுத்துட்டு, ஈற்றைச் சுத்தம் பண்ணணும். இந்த வாரமே செஞ்சா பலன் தெரியலாம்."

அவ்வளவுதான். முஸ்ரியா முக்காட்டை மறுபடி வாய்க்கு இழுத்துக்கொண்டாள். "மேல்பல் டாக்டரம்மா. எடுத்தா கண்ணு போயிடும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். எங்க வீட்டுலயே நடந்திருக்கு."

நடந்தது இதுதான். முஸ்ரியாவின் அக்கா சோலிகாவும் அதே ஆலையில்தான் இருந்தாள். இவள் சுற்றுவாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் இரண்டு முனையையும் நறுக்குவாள். பதினேழு வருடம் அப்படி ஒரே பலகையில் இருந்தார்கள். பதினோரு வருடம் முன்பு சோலிகாவுக்கு மேல்பல் வலி வந்தது. வலியில் கை தடுமாறி நறுக்குவது மெதுவானது. இவள் சுற்றிய சிகரெட் நறுக்கப்படாமல் குவிந்தது. கண்காணிப்பவள் வந்து இருவரையும் நாலு பேர் முன்னால் ஏசினாள். முஸ்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. மாட்டேன் மாட்டேன் என்ற அக்காவை அன்று மாலையே சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிப் பல் பிடுங்க அழைத்துப்போனாள். பல் வந்தது. மூன்று வாரத்தில் ஒரு கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது. நோன்பு மாதம் வருவதற்குள் இரண்டாவது கண்ணும் போயிற்று. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு அறுந்துவிடும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருப்பது. அதையும் மீறி அழைத்துப்போனவள் முஸ்ரியா.

அன்றிலிருந்து தினமும் ஆலை விட்டதும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போவாள். சந்து முனையில்தான் வீடு. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பாள், சோறு போடுவாள், முற்றம் வரை கை பிடித்து நடத்துவாள். ஒரு நாள்கூட யாரும் இவளைக் குறை சொன்னதில்லை. சொல்லாதது இன்னும் கனமாக இருந்தது.

"உங்க அக்காவுக்கு அப்ப சர்க்கரை பார்த்தாங்களா?" என்று டாக்டர் கேட்டாள்.

"அப்ப யாருங்க பார்த்தா?"

"பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்ல இபு. இப்படி ரெண்டு கண்ணும் போறது பெரும்பாலும் சர்க்கரை செய்யற வேலை. பல்லைப் பிடுங்கலேன்னாலும் போயிருக்கும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா கண்ணைக் காப்பாத்தி இருக்கலாம்."

முஸ்ரியா அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்கப் போகிறோம் என்ற நினைப்பு. அக்கா அழுவாள், இவளும் அழுவாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஊர்ப் பேச்சைத் திட்டலாம் என்று எண்ணிக்கொண்டு போனாள்.

சோலிகா ஜன்னலோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முஸ்ரியா மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கண் போனது பல்லால் இல்லையாம், சர்க்கரையாலாம், அந்தப் பெண் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறாள் என்றாள்.

சோலிகா ஒரு பல் பூண்டை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது." சோலிகாவின் விரல்கள் நிற்கவில்லை. "செமாராங் ஆஸ்பத்திரில கண் டாக்டரும் அன்னைக்கே சொன்னார். பல்லால இல்லம்மா, சர்க்கரை பல வருஷமா கண்ணைத் தின்னிருக்குன்னு. நீ வெளிய மருந்துச் சீட்டோட நின்னுக்கிட்டு இருந்தே."

முஸ்ரியா அக்காவின் எதிரே உட்கார்ந்தாள். "பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மொதல்ல பயம். தெனம் ஆறு கிளாஸ் இனிப்புத் தேநீர் குடிச்சு நானே கெடுத்துக்கிட்டேன்னு என் பிள்ளைங்க ஏசுவாங்கன்னு. அப்புறம் நீ தெனம் வர ஆரம்பிச்சே." பூண்டுத் தோலைக் கையால் தடவித் தடவி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "உன் மேல தப்புன்னு நெனச்சதாலதானே வந்தே முஸ்? சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"தெனமுமா?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் முஸ்ரியா வாய் திறந்தாள். ஆனால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து மூவாயிரம் சிகரெட் சுற்றிவிட்டு, இடுப்பு விட்டுப்போகிற மாதிரி எழுந்திருக்கும்போது, குற்ற உணர்ச்சி மட்டும் முதுகில் கை வைத்துத் தள்ளாமல் இருந்தால் சந்து முனை வரை கால் போயிருக்குமா? அவளுக்கே தெரியவில்லை. தெரியாததுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது. அக்காவுக்குச் சோற்றை எடுத்து வைத்துவிட்டு, பேசாமல் வீடு திரும்பினாள்.

இரண்டு பல்லையும் அந்த வாரமே எடுத்தாள். அக்காவைப் போலத் தனக்கும் கண் போய்விடும் என்று பயந்து ஒன்பது வருடம் வைத்திருந்த பற்கள்; வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பல் டாக்டர் அவற்றைக் கிண்ணத்தில் போட்டபோது ஒரு கிராம்புத் துணுக்கு இன்னும் ஒன்றின் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் மாத்திரை. பிறகு மூன்று தடவை ஈற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் எடுத்து ஒரு மாதம் ஆனபின் ஒரு காலை எழுந்தபோது என்னவோ குறைகிறதே என்று யோசித்துப் பார்த்தாள். கால் கனக்கவில்லை. முழுச் சோர்வும் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை, பாதி போயிருந்தது. பாதியே அவளுக்குப் புதிதாக இருந்தது.

தவணை முடிந்த நாள் ரத்தம் எடுத்தார்கள். எட்டு புள்ளி ஒன்று.

தாதி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் பெயருக்கு எதிரே கட்டம் சிவப்பாகவே இருந்தது. டாக்டர் ஹெஸ்தி யார் யாருக்கோ தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். "கூட ஒரு மாசம் இருந்திருந்தா இறங்கியிருக்கும் இபு. இந்தச் சர்க்கரைக் கணக்கு மூணு மாசத்தையும் சேர்த்துப் பார்க்கும். பல் உள்ள இருந்த நாளும் அதுல வந்திருச்சு. அடுத்த வருஷத்துக்கு உங்க பேர் அப்படியே போகும்."

"ஆனா எட்டு எட்டுலேர்ந்து எட்டு ஒண்ணு," என்றாள் முஸ்ரியா. "அதை ஒரு சீட்டுல எழுதித் தர்றீங்களா?"

"எதுக்கு?"

"வீட்டுல காட்டணும். நான் எதையும் திருடித் திங்கலன்னு."

மஸ்குரி அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். தானும் போகவில்லை என்றார். அதற்கு முஸ்ரியா, "நீங்களும் நின்னுட்டா ரெண்டு பேரும் ஒரு வருஷம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும் பாக். எனக்கு அதுக்குத் தெம்பில்ல. போயிட்டு வாங்க," என்றாள். அடுத்த வருடம் மகன் தன்னை அழைத்துப்போவான் என்றும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வழியனுப்புக்கு ஊர் திரண்டது. வழக்கப்படி பெண்கள் தாம்பாளத்தில் அரிசியும் சர்க்கரையும் கொண்டுவந்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டார்கள். மூன்று நாளில் முன்னறையில் சர்க்கரைப் பொட்டலம் இடுப்பளவு குவிந்துவிட்டது. முஸ்ரியா அதற்கு நடுவில் நின்று நூற்றுக்கணக்கான கிளாஸ் இனிப்புத் தேநீர் ஆற்றினாள். "நீங்க போகலையா இபு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "பல்லு சரியில்ல" என்றாள். அவர்கள் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கிளம்புகிறவர் யாரிடமும் மனத்தாங்கல் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மஸ்குரி வீடு வீடாகப் போய் அறிந்தும் அறியாமலும் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு வந்தார். கடைசியாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இபு, அந்த ஜாடியில ஒரு ரப்பர் பேண்ட்..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க மாட்டுன அன்னையிலேர்ந்து."

அவர் கை இரண்டையும் சேர்த்து நீட்டினார். அவள் அந்தக் கையைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சாச்சு. பஸ்ஸு வந்துடும், போங்க. முட்டிக்கு எண்ணெய் பைல வலது பக்கம் இருக்கு."

பேருந்து போனபின் கூட்டம் கலைந்தது. முன்னறையில் ஒரு நாற்காலியில் சோலிகா மட்டும் உட்கார்ந்திருந்தாள். லைலி காலையில் அழைத்துவந்து உட்கார வைத்திருந்தாள். பூண்டு உரித்த அந்த நாளுக்குப் பிறகும் முஸ்ரியா ஒரு நாள் தவறாமல் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தாள். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"முஸ்," என்று சோலிகா கிளாஸ் சத்தம் வந்த பக்கம் திரும்பாமல் நேராகச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மஸ்குரி எல்லார்கிட்டயும் கேட்டார். நானும் உங்கிட்ட கேக்கணும்."

முஸ்ரியா காலிக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீ எங்கயும் போகலையே அக்கா. போறவங்கதான் கேக்கணும்."

"நான் சொல்லியிருந்தா ஒம்போது வருஷம் முன்னாடியே நீ பல்லைப் புடுங்கியிருப்பே. இன்னைக்கு அந்த பஸ்ஸுல இருந்திருப்பே."

"ஆமா."

முஸ்ரியா கிளாஸ்களைத் தாம்பாளத்தில் வைத்து, உடையில் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொள்ள முக்காட்டைத் தேடவில்லை.

"கோவம் இன்னும் போகல அக்கா. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் நான் கிளம்பணும்னா யார் மேலயும் மனசுல ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுக்குள்ள சர்க்கரையும் இறங்கணும், இதுவும் இறங்கணும். ஒரு வருஷம் இருக்கு."

"இறங்குமா?"

"இறங்கித்தான் ஆகணும். வா, சோத்து நேரம் ஆச்சு."

அவள் அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். சர்க்கரைப் பொட்டலங்களுக்கு நடுவே மெதுவாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

"படி இருக்கு," என்றாள் முஸ்ரியா. "பார்த்து வா."